சால்மன் ஏன் சக்கையா போகுது? – அடுப்படி கேள்வி பதில்

போன இதழ்ல ஓவன் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல சால்மன் மீனை பத்திதான். டாக்டர் சாப்பிட சொன்னாரு, வாங்கிட்டேன், வாயில வைக்க முடியல, இதே புலம்பல். சரி, இந்த தடவை முழுசா அதையே எடுத்துக்குவோம், தோசை மாவு புளிக்கலன்னு எழுதினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: வீட்டுக்காரருக்கு ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்குற ஒரு கொழுப்பு) ஜாஸ்தி, வாரத்துல ரெண்டு நாள் சால்மன் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓவன்ல 400 டிகிரில அரை மணி நேரம் வச்சு எடுக்குறேன். மேல வெள்ளை வெள்ளையா என்னமோ பொங்கி நிக்குது, உள்ள சக்கை. அவர் தண்ணி குடிச்சு குடிச்சு முழுங்குறாரு. மீன் கெட்டதா, நான் பண்றது தப்பா? – ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

மீன் மேல தப்பே இல்லைங்க. அரை மணி நேரமா! அந்த நேரத்துல ரெண்டு தடவை சால்மன் பண்ணி முடிச்சிடலாம். நமக்கு மீன்னாலே குழம்புல கொதிக்கணும், இல்ல கல்லுல மொறுமொறுன்னு ஆகணும், "வெந்துச்சா வெந்துச்சா"ன்னு ஒரு பயம் கூடவே இருக்கும், அந்த பயத்துலதான் இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு விட்டுடுறோம். குழம்புல அது தெரியாது, சுத்தி புளித்தண்ணி இருக்கு. ஓவன்ல சுத்தி இருக்கறது காஞ்ச சூடு மட்டும்தான்.

கணக்கு ரொம்ப சுலபம். துண்டோட தடிமன் எங்க அதிகமோ அங்க அளந்து பாருங்க, ஒரு இஞ்சுக்கு பத்து நிமிஷம். கனடா மீன்வளத் துறைக்காரங்க சொல்லிக்கொடுத்த பழைய கணக்கு இது, நல்ல சூட்டுக்கு, அதாவது 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு. உங்க 400 டிகிரிக்கு ரெண்டு மூணு நிமிஷம் சேர்த்துக்கங்க, அவ்ளோதான். நான் பத்துன்னா எட்டுலயே திறந்து பாத்துடுவேன். ஃபோர்க்கால லேசா திருகினா இதழ் இதழா பிரியணும், நடுவுல மட்டும் கொஞ்சம் கண்ணாடி மாதிரி ரோஸா இருக்கலாம், வெளிய எடுத்து மூடி வச்சா அதுவும் உள்சூட்டுலயே வெந்துடும்.

அந்த வெள்ளை கொழுப்பு இல்லை, சீக்குமில்லை. அல்புமின்னு ஒரு புரதம், சதை சுருங்க சுருங்க அதை வெளிய பிதுக்கி தள்ளுது. அது நிறைய வந்தா சூடு அதிகமாயிடுச்சுன்னு மீனே சொல்லுதுன்னு வச்சுக்கங்க. குறைக்க ஒரு வழி இருக்கு, ஒரு கப் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்புன்னு கரைச்சு பத்து நிமிஷம் மீனை ஊறவச்சு, எடுத்து நல்லா ஒத்தி துடைச்சுட்டு வைங்க (அப்புறம் மசாலால உப்பு போடாதீங்க, பிரஷர் இருந்தா இந்த வழியே வேணாம்).

முடிஞ்சா சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அமெரிக்க அரசாங்கம் சொல்ற பாதுகாப்பான சூடு நடுசதைல 63 டிகிரி செல்சியஸ், அதாவது 145 ஃபாரன்ஹீட். நல்ல சமையல்காரங்க நிறைய பேர் 52லயே எடுத்துடுவாங்க, அதுதான் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனா வீட்ல வயசானவங்க, கர்ப்பிணி, சின்னப் பசங்க இருந்தா 63தான், அங்க ருசி பாக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் டாக்டர் குடுத்த மாத்திரையை மீனை நம்பி நிறுத்திடாம பாத்துக்கங்க, இதையும் எழுதணும்னு தோணுச்சு.

கேள்வி: இன்டர்நெட்ல எல்லா ரெசிபியும் "பிராயில் பண்ணுங்க"ன்னு சொல்லுது. என்கிட்ட இருக்கறது சின்ன ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேர்ந்த கரண்ட் அடுப்பு). அதுல அந்த பேர்ல எதுவும் இல்லையே? – வாசகி, மடிப்பாக்கம், சென்னை

இருக்கு, பேருதான் வேற. அமெரிக்காக்காரன் பிராயில்னு சொல்றதை லண்டன்காரன் கிரில்னு சொல்லுவான், அமெரிக்காக்காரன் கிரில்னா வெளிய கரி அடுப்பு, கம்பி வலை. உங்க ஓடிஜில திருகுல ஒரு இடத்துல மேல் கம்பி மட்டும் கோடு போட்ட படம் இருக்கும் பாருங்க, அதுதான். மேல இருந்து மட்டும் சூடு, நேரா மீன் மேல அடிக்கும், தணல்ல வாட்டுறதை தலைகீழா போட்ட மாதிரி.

மேல் கம்பி நல்லா செவக்குற வரைக்கும் பத்து நிமிஷம் முன்னாடியே போட்டு விடுங்க. பெரிய ஓவன்னா மீனுக்கும் கம்பிக்கும் நடுவுல அஞ்சாறு இஞ்ச் இடைவெளி, உங்க ஓடிஜில அவ்ளோ இடமே இருக்காது, நடுத்தட்டுல வச்சு கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே நில்லுங்க. போன் வந்தா எடுக்காதீங்க, பிராயில்ல ஒரு நிமிஷத்துல பொன்னிறம் கருப்பாயிடும். சில எலக்ட்ரிக் ஓவன்ல கதவை கொஞ்சம் திறந்து வைக்க சொல்லுவாங்க, மூடினா உள்ள சூடு ஏறி தெர்மோஸ்டாட் மேல் கம்பியை அணைச்சுடும், அப்புறம் மீன் வாடாது, அவியும். சிலதுல மூடியேதான் வைக்கணும், மேனுவலை ஒரு தடவை புரட்டி பாத்துடுங்க.

இப்ப என் கதை. அமெரிக்கால இருந்தப்ப ஒரு நாள், புதுசா வாங்கின கண்ணாடி தட்டு, எல்லா கேக்கும் அதுலதான் பண்ணுவேன், ஓவன்ல வைக்கலாம்னு அடியிலயே எழுதியிருந்துச்சு, அதுலயே நாலு துண்டு சால்மன் அடுக்கி பிராயில்ல வச்சுட்டேன். ஆறு நிமிஷம் போயிருக்கும், மேல எலுமிச்சை சாறு ஊத்தலாம்னு கதவை திறந்து ஒரு ஸ்பூன் விட்டேன், டப்புன்னு ஒரு சத்தம், தட்டு நாலாப்பக்கமும் சிதறிடுச்சு. கைல படல, ஆனா மீன் பூரா பொடி கண்ணாடி, ராத்திரிக்கு தயிர் சாதம்தான். ஓவன் கண்ணாடி வேற, பிராயில் தாங்குற பாத்திரம் வேறங்கறது அன்னைக்குத்தான் புரிஞ்சது. நேரா அடிக்கிற சூடு ஒரு பக்கம், ஜில்லுனு விழுற சாறு ஒரு பக்கம், கண்ணாடி தாங்காது. அலுமினியம், இரும்பு, ஸ்டீல் தட்டு மட்டும் வைங்க. கீழ பட்டர் பேப்பரும் வேணாம், அந்த சூட்டுல ஓரம் பத்திக்கும், அலுமினிய ஃபாயில் போட்டா போதும்.

கேள்வி: ஃப்ரீசர் சால்மனை நேரா ஓவன்ல வைக்கலாமா? – அதே வாசகி

வைக்கலாம், நேரம் பாதிக்கு பாதி கூட ஆகும், மசாலா ஒட்டாது. முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல இறக்கி வச்சிடறது உத்தமம். ஒண்ணே ஒண்ணு, காத்து உறிஞ்சின இறுக்கமான பாக்கெட்னா கத்தரிச்சு திறந்துட்டு இறக்குங்க. காத்து இல்லாத இடத்துல மட்டும் வளர்ற பாட்டுலினம்னு ஒரு கிருமி இருக்கு, மீன் உருகுற நேரம் அதுக்கு கொண்டாட்டம். சிங்க்ல வெயில் படுற மாதிரி வச்சு உருக்குறதும் வேணாம், சென்னை சூட்டுக்கு அரை மணி நேரத்துல வாடை வந்துடும்.

கேள்வி: வளர்ப்பு சால்மன்ல சாயம் போடுறாங்களாமே? வைல்டுதான் (பண்ணைல வளர்க்காம கடல்ல பிடிச்சது) வாங்கணும்னு நண்பர் சொல்றார், விலை டபுள். எதை வாங்க? – வாசகர், ஸ்கார்பரோ, டொரண்டோ

சாயம்னு சொன்னா மேல பூசுறாங்கன்னு நினைச்சுக்குவோம், அப்படி இல்லை. கடல்ல திரியுற சால்மன் இறால் மாதிரி சின்ன சின்ன ஓட்டு பிராணிகளை தின்னுது, அதுல ஆஸ்டாசாந்தின்னு ஒரு நிறமி, அதுதான் சதைல ஏறி ஆரஞ்சாகுது. பண்ணை மீனுக்கு அந்த சாப்பாடு கிடைக்காது, அதனால தீவனத்துல அதே நிறமியை கலக்குறாங்க, கலக்கலன்னா சதை சாம்பல் வெள்ளையா இருக்கும், யாரும் வாங்க மாட்டாங்க. எவ்ளோ சிவப்பு வேணும்னு பாக்க பெயிண்ட் கடை ஷேட் கார்டு மாதிரி ஒரு கலர் கார்டே இருக்கு, சால்மோஃபேன்னு பேரு. எனக்கு முதல்ல கேட்டப்ப சிரிப்புதான் வந்துச்சு.

கடைல அட்லாண்டிக் சால்மன்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட எல்லாமே பண்ணை மீன், நார்வே, சிலி, ஸ்காட்லாந்து, உங்க கனடாவும்தான். அலாஸ்கான்னு போட்டிருந்தா பண்ணை இல்லை, அந்த மாநிலத்துல 1990லயே மீன் பண்ணையை சட்டம் போட்டு தடுத்துட்டாங்க. சாக்கை, கோஹோ, கிங் இதெல்லாம் பசிபிக் சால்மன் ஜாதி.

புதுசா கத்துக்குறவங்களுக்கு நான் பண்ணை மீனைத்தான் சொல்லுவேன், நண்பர் கோவிச்சுக்கட்டும். அதுல 100 கிராமுக்கு 13 கிராம் கிட்ட கொழுப்பு, ரெண்டு நிமிஷம் கூட விட்டாலும் மன்னிச்சு விட்டுடும். சாக்கைல கொழுப்பு ரொம்ப கம்மி, துண்டும் மெல்லிசு, கண்ணை மூடி திறக்குறதுக்குள்ள காஞ்சுடும். ஒமேகா-3, அதாவது டாக்டர் எந்த நல்ல கொழுப்புக்காக மீன் சாப்பிட சொல்றாரோ அது, ரெண்டுலயும் தாராளமா இருக்கு. சாக்கை வாங்கினா பிராயில்ல அஞ்சு நிமிஷத்துலயே பக்கத்துல போய் நில்லுங்க.

கேள்வி: ஆப்ல "இந்தியன் சால்மன்"னு விலை கம்மியா வருது. ரெண்டும் ஒண்ணா? – வாசகி, மதுரை

இல்லவே இல்லை. அது நம்ம காலா மீன், மும்பைல ராவஸ்னு சொல்றது. மோவாய்க்கு கீழ மீசை மாதிரி நூல் நூலா தொங்கும், சால்மன் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சதை வெள்ளை, ருசி அருமை, கிரில் பண்ண ரொம்ப நல்ல மீன்தான், ஆனா சால்மன் அளவு ஒமேகா-3 எதிர்பார்த்து வாங்காதீங்க.

ஒமேகா-3தான் குறின்னா மதுரைல உக்காந்துகிட்டு நார்வே மீனை ஏன் தேடுறீங்க, மத்தி வாங்குங்க. சென்னைல கவலை, நாகர்கோவில் பக்கம் சாளை, எல்லாம் ஒண்ணுதான். சீசன்ல வாட்டுனா எண்ணெய் சொட்டும், அந்த எண்ணெயிலதான் டாக்டர் சொல்ற ஒமேகா-3 இருக்கு. கானாங்கெளுத்தியும் அப்படித்தான். மத்தியை முழுசா செதில் எடுத்து, வயித்தை சுத்தம் பண்ணி, உப்பு மிளகு எண்ணெய் தடவி அதே மேல் கம்பி சூட்டுல பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம் வைங்க. முள்ளுக்கு பயந்தா பொரிச்சுதான் சாப்பிடணும்னு இல்லை, வாட்டுன மத்தில நடு முள்ளு ஒரே இழுப்புல வந்துடும்.

கேள்வி: எலுமிச்சையும் டில் இலையும் போட்டு எவ்ளோ நாள் சாப்பிடறது, நம்ம மசாலா போட்டா கருகி கசக்குது. – வாசகி, ஜூரோங், சிங்கப்பூர்

மிளகாய்த்தூள்தான் வில்லன். எண்ணெயில வறுக்குறப்ப எண்ணெய் அதை காப்பாத்தும், பிராயில்ல நேரா நெருப்பு, ரெண்டு நிமிஷத்துல கருகிடும். மல்லித்தூளும் அப்படித்தான். அதனால நான் காரத்துக்கு மிளகுக்கு மாறிட்டேன்.

எங்க வீட்ல பண்றதை சொல்றேன். நாலு துண்டு, ஒவ்வொண்ணும் 170 கிராம் இருக்கும். முதல்ல சதை மேல விரலை வச்சு தலைப்பக்கம் இருந்து தடவுங்க, நடு வரிசைல குத்தற மாதிரி தட்டுப்படும், ஊசி முள்ளு, அதை புருவம் எடுக்குற ட்வீசரால முள்ளு சாஞ்சிருக்குற பக்கமாவே இழுங்க, எதிர்ப்பக்கம் இழுத்தா சதை கிழிஞ்சுடும். அப்புறம் டிஷ்யூவால நல்லா ஒத்தி எடுங்க, ஈரம் இருந்தா நிறமே வராது. ஆறு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், ஒரு கொத்து கறிவேப்பிலை, உப்பு, எல்லாத்தையும் அம்மில (சரி, மிக்ஸில) தண்ணி விடாம கொரகொரன்னு நசுக்கி, ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில குழைச்சு கால் ஸ்பூன் மஞ்சள் போட்டு மீன் மேல அப்புங்க. எலுமிச்சை இப்ப வேணாம்! வஞ்சிரத்துக்கு பண்ற மாதிரி சாறு ஊத்தி மணிக்கணக்கா ஊறவச்சா சால்மன் அடுப்புக்கு போறதுக்கு முன்னாடியே வெளுத்து மாவாயிடும், புளிப்பே அதை வேகவச்சுடுது. இருபது நிமிஷம் மசாலால இருந்தா போதும்.

தோல் கீழ இருக்குற மாதிரி பிராயில்ல வச்சு, ஒரு இஞ்ச் துண்டுக்கு எட்டுல இருந்து பத்து நிமிஷம். திருப்பவே வேணாம். மேல கறிவேப்பிலை ஓரம் சுருண்டு கருக்க ஆரம்பிக்கும், அந்த வாசனை வந்தா எடுக்குற நேரம் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். வெளிய எடுத்து மூணு நிமிஷம் கழிச்சு எலுமிச்சை பிழிஞ்சு, சின்ன வெங்காயம் பொடியா நறுக்கி தூவி, ரசம் சாதத்தோட வைங்க. மிளகாய்த்தூள் இல்லாம தொண்டைல இறங்காதுன்னு அடம் பிடிக்குறவங்க இருந்தா, கடைசி ரெண்டு நிமிஷத்துல எண்ணெயில குழைச்சு மேல தடவுங்க. தேன், வெல்லம் சேர்க்கறதா இருந்தாலும் அதே கடைசி ரெண்டு நிமிஷம்தான்.

கேள்வி: மருமகள் நாலு மாசம். சால்மன் குடுக்கலாமா, பாதரசம் இருக்குன்னு பயமா இருக்கு. – வாசகி, டல்லாஸ்

தாராளமா. பாதரசம் கம்மியா இருக்குற மீன் பட்டியல்லதான் அமெரிக்க உணவுத்துறை சால்மனை வச்சிருக்கு, அந்த பட்டியல் மீன் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 340 கிராம் வரைக்கும் போகலாம்னு சொல்லுது. முழுசா வெந்திருக்கணும். பச்சை மீன் வச்ச சுஷி வேணாம், மெல்லிசா சீவி பாக்கெட்ல வர்ற ஸ்மோக்டு சால்மனும் வேணாம், அது வேகவச்சது இல்லை, லிஸ்டீரியா கிருமி பயம் இருக்கு. உங்க மருமகளோட டாக்டர் வேற மாதிரி சொன்னா அவங்க பேச்சுதான்.

கேள்வி: வெளிய கரி அடுப்பு வச்சு கிரில் பண்ணா பாதி மீன் கம்பியோடயே போயிடுது. கருகினதை சாப்பிட்டா கேன்சர்னு பொண்ணு வேற மிரட்டுறா. – வாசகர், மெல்பர்ன்

கம்பி சூடாகுறதுக்கு முன்னாடி வச்சிருப்பீங்க, இல்ல மீனை சீக்கிரம் திருப்பியிருப்பீங்க. கம்பியை நல்லா தேய்ச்சு, அனல் ஏறினப்புறம், எண்ணெயை மீன் மேல தடவி, தோல் பக்கம் கீழ வைங்க. அப்புறம் தொடாதீங்க. தோல் மொறுமொறுன்னு ஆனதும் அதுவே கம்பியை விட்டுடும், இழுத்து பாத்து வரலன்னா இன்னும் நேரம் ஆகலன்னு அர்த்தம். முக்கால்வாசி வேக்காடு தோல் பக்கமே முடியட்டும்.

பொண்ணு சொல்றதுல விஷயம் இருக்கு. அதிக சூட்டுல சதை கருகுறப்பவும், கொழுப்பு கரில சொட்டி புகை கிளம்புறப்பவும் வேண்டாத ரசாயனம் உண்டாகுது. தீயை ஒரு பக்கம் ஒதுக்கி வச்சு மீனை இன்னொரு பக்கம் வைங்க, கருகின ஓரத்தை கிள்ளி போடுங்க, மாசத்துல ரெண்டு நாள் பண்றதுக்கு இதுக்கு மேல கவலைப்பட ஒண்ணுமில்லை.

கடிதம்: அக்கா, சால்மன் எண்டால் துண்டு மட்டும்தானோ? நாங்கள் ஒஸ்லோவிலை இருக்கிறம். அப்பா 80களிலை வந்து வடக்கிலை ஃபின்மார்க் பக்கம் மீன் ஃபாக்டரியிலை வேலை செய்தவர். எங்கடை வீட்டிலை லக்ஸ் எண்டு நோர்வே பேரிலைதான் சொல்லுறது. தலையை எறிய வேண்டாம் எண்டு எழுதுங்கோ. அப்பா அதைத்தான் மேல் சூட்டிலை வாட்டி சொதியோடை சாப்பிடுவார். – வாசகி, ஒஸ்லோ

எழுதிட்டேன் தங்கச்சி! நானும் எவ்ளோ தலையை விட்டுட்டு வந்திருக்கேன்னு இப்ப நினைச்சா வயிறு எரியுது. மீன் கடைல தலையும் கழுத்துப்பட்டையும் (செவுளுக்கு பின்னாடி இருக்குற துண்டு) துண்டு விலைல கொஞ்சம்தான் இருக்கும். கழுத்துப்பட்டை மேல ஜப்பான்காரங்களுக்கு ரொம்ப பிரியம், காமான்னு பேர் வச்சு உப்பு மட்டும் தடவி வாட்டுவாங்க. செவுளை முழுசா எடுத்துடணும், விட்டா கசக்கும். தலையை ரெண்டா பிளந்து, உப்பு மஞ்சள் தடவி, தோல் மேல இருக்குற மாதிரி பிராயில்ல வச்சா பன்னெண்டுல இருந்து பதினஞ்சு நிமிஷத்துல தோல் கொப்பளிச்சு வரும். கன்னத்து சதையை முதல்ல யார் எடுக்குறதுன்னு வீட்ல சண்டை வந்தா நான் பொறுப்பு இல்லை. அப்பாவோட சொதி அளவை மட்டும் எழுதி அனுப்பிடுங்க, தேங்காய்ப்பால் எப்ப ஊத்துவாருன்னு கேட்டு.

கேள்வி: மிச்சமான சால்மனை ஆபீஸ் மைக்ரோவேவ்ல சூடு பண்ணேன், யாரும் என்கூட பேசல. – வாசகர், லண்டன்

பேச மாட்டாங்க, நானும் பேச மாட்டேன். மறுபடி சூடு பண்ணா மீன் கொழுப்போட வாடை ரெண்டு மடங்கு ஆகும், சதையும் ரப்பராயிடும். ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் வரைக்கும் வச்சுக்கலாம், சூடு பண்ணாம அப்படியே தயிர், வெள்ளரிக்காயோட பிரெட்ல வச்சு எடுத்துட்டு போங்க.

வீட்லனா சுறா புட்டு கணக்கா பண்ணுங்க. தோலை எடுத்துட்டு கையால உதிர்த்து வைங்க. கடாய்ல கொஞ்சம் எண்ணெய், கடுகு, சோம்பு, கறிவேப்பிலை, ரெண்டு கை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நிறைய பூண்டு போட்டு வெங்காயம் நல்லா வதங்கினப்புறம், மஞ்சள் போட்டு, அடுப்பை சின்னதாக்கி உதிர்த்த மீனை கொட்டி ரெண்டே ரெண்டு நிமிஷம் பிரட்டுங்க. மீன் ஏற்கனவே வெந்தது, சூடு ஏறினா போதும். சுறாவை மாதிரி பூப்பூவா வராது, கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கும், அதுக்காக இன்னும் வறுத்துடாதீங்க.